ஒன்பது நாள் சிரிப்பு

ஏம்மா, வடபழனியில ஏறுனதுலேர்ந்து நீயும் திரும்பித் திரும்பி என் மூஞ்சியயே பார்த்துக்கினு வர்ற. எங்கயோ பார்த்த மூஞ்சியா இருக்குதா? இருக்கும். ஆனா இப்படி உட்கார்ந்திருந்தா யாருக்கும் தெரியாது. நான் படுத்தாத்தான் தெரியும். பஸ்ல எங்க படுக்கிறது? இரு, தலையைச் சாய்ச்சு கண்ணை மூடிக்கிறேன். வாயை ரவ திறந்துக்கிறேன். இப்ப பாரு.

தெரிஞ்சுதுல்ல? முன்சீட்டு அம்மா, நீ ஏன் பயந்துக்கிற, எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். திரும்பிக்கோ.

மங்களவல்லி என் பேரு. சாலிகிராமம் வந்து பொணம் மங்களம் வீடு எதுன்னு கேளு, எந்த டீக்கடையிலயும் கை காட்டுவாங்க. இருபத்திரெண்டு வருஷமாச்சு நான் செத்துக்கினு. அம்மாவா செத்திருக்கேன், மாமியாரா செத்திருக்கேன், வெள்ளத்துல ஒரு தரம், நெருப்புல ஒரு தரம், பாம்பு கடிச்சு ரெண்டு தரம். உசுரோட ஒரு வசனம் பேசுனதில்ல. அதெல்லாம் யாரு வேணா பேசலாம். பொணமா படுக்கிறதுதான் தொழிலு. மூச்சை வயித்துக்குள்ளயே சுத்த விடணும், நெஞ்சுக்கு வரக் கூடாது. மூக்குமேல ஈ உட்கார்ந்தா அது கெளம்புற வரைக்கும் நாம அதுக்கு எடம் குடுத்துத்தான் ஆவணும். பொண்ணா நடிக்கிறவ மேல விழுந்து அழுவா பாரு, அவ கண்ணீரு காதுக்குள்ள போவும். கம்முனு கெடக்கணும்.

இதுல ஒரு சாங்கியம் இருக்குது, உனக்குத் தெரியாது. பொணமா படுத்த ஷாட்டு முடிஞ்சதும் கேமராவை நிறுத்த மாட்டாங்க. "அக்கா, சிரிங்க"ம்பாங்க. கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்து சிரிக்கணும். அஞ்சு செகண்டு போதும். யூனிட்டே கை தட்டும். அந்த சிரிப்பு படத்துல வராது, எடிட்டிங்குல தூக்கிப் போட்டுருவாங்க. அது ஜனங்களுக்கு இல்ல, சாமிக்கு. இவ நெஜமா சாவலப்பா, நடிச்சா, கணக்குல எழுதிடாதன்னு சொல்றது. எம்மாம் பெரிய ஆர்ட்டிஸ்ட்டா இருந்தாலும் சிரிச்சுட்டுத்தான் மேக்கப்பைக் கலைப்பாங்க. சிரிக்காம வீட்டுக்குப் போனா தோஷம்.

நான்கூட அவ்ளோ பார்க்க மாட்டேன். எங்க வீட்டுக்காரர்தான் பேஜாரு. கண்ணையன்னு பேரு, லைட்மேனா இருந்து முட்டி தேஞ்சு வீட்டுல குந்திட்டாரு. அவருக்கு என் தொழில்மேல பொறாமை. இருக்காதா பின்ன? அவரு காலம் பூரா லைட்டுக்குப் பின்னாடி நின்னாரு, நான் லைட்டுக்கு முன்னாடி படுத்தேன். இந்த இருபத்திரெண்டு வருஷத்துல நான் செத்த படம் ஒண்ணு அவரு பார்த்ததில்ல. டிவியில போட்டாக்கூட தண்ணி பிடிக்கப் போறேன்னு கொடத்தைத் தூக்கிக்கினு போயிருவாரு. லாரி வராத நாள்ளயும் போவாரு. பொண்டாட்டி பேரு எடுத்தா சில ஆம்பளைங்களுக்குத் தாங்காது.

அதுவும் இல்லாம மனுசியைத் தூங்க விட மாட்டாரு. மத்தியானம் சித்த நேரம் கண்ணசந்தா என் மூக்குகிட்ட விரலைக் கொண்டாந்து வைப்பாரு. முழிச்சுக்கினு இன்னாய்யான்னா, கொசுன்னுவாரு. இத்தினி வருஷத்துல ஒரு கொசுவை அவரு அடிச்சு நான் பார்த்ததில்ல. ஷூட்டிங் முடிஞ்சு வந்தா வாசப்படியிலயே நிறுத்தி, சிரிச்சியான்னு கேப்பாரு. சிரிச்சேன்னு சொன்னாத்தான் செருப்பைக் கழட்ட விடுவாரு. பொய்யும் சொல்ல முடியாது. யூனிட்டுல பாதிப் பேரு அவரோட வேலை செஞ்ச ஆளுங்க, போன் போட்டுக் கேட்டுருவாரு.

இப்படி இருக்கிறப்போதான் 'நீல நகரம் 2052' வந்துச்சு. அதுலதான் நீ என்னைப் பார்த்திருப்ப.

டைரக்டர் பேரு நிகேதன். சின்ன வயசு, வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தவரு. கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட்டு, ரூமுக்குள்ளயும் கறுப்புக் கண்ணாடி. அதனாலயே ரெண்டு தரம் ட்ராலி தண்டவாளத்துல தடுக்கி விழுந்தாரு. அவரு வாயில வர்றது ஒரே வார்த்தை, ஸ்டைலு. மழை ஸ்டைலாப் பெய்யணும், கொலை ஸ்டைலா விழணும். என்னைப் பார்த்ததும் கை குலுக்கி, கொஞ்சம் ஸ்டைலா செத்திருங்கம்மான்னு கேட்டுக்கினாரு. இருபத்திரெண்டு வருஷத்துல எங்கிட்ட யாரும் அப்படி மரியாதையா சாவச் சொன்னதில்ல.

கதையைக் கேளு. ரெண்டாயிரத்து அம்பத்திரெண்டுல மெட்ராஸு பூரா நீலமா இருக்குமாம். தினமும் மழையாம், ஆனா ரோட்டுல தண்ணி நிக்காதாம். அதைக் கேட்டப்பவே இது பெரிய கற்பனைன்னு புரிஞ்சுபோச்சு எனக்கு. ஊரையே ஒரு கம்ப்யூட்டருதான் நடத்துது. அதைச் செஞ்சவங்க டாக்டர் வசுந்தரா, அதாவது நானு. மொத சீன்லயே வில்லன் என்னைக் கொன்னுர்றான். ஆனா அந்தக் கம்ப்யூட்டரு என் கண்ணைப் பார்த்தாத்தான் திறக்கும். அதனால என்னைக் கண்ணாடிப் பொட்டியில வெச்சு அவன் ஆபீஸ்லயே நிறுத்திக்கிறான். எப்பெப்ப திறக்கணுமோ அப்பெல்லாம் என் இமையைத் தூக்குவான். ஹீரோவும் திருட்டுத்தனமா வந்து தூக்குவாரு. அவரு விரல்ல எப்பவும் பூண்டு சாஸ் வாடை. மொத்தம் பத்தொன்பது சீன் எனக்கு. ஹீரோவுக்குப் பதினாலுதான். அப்ப அது யாரு படம்னு நீயே சொல்லு.

எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, சாங்கியம் ஒண்ணுதான் கெடையாது. மொத நாளு பூசணிக்கா உடைக்கல, சூடம் கொளுத்தல. க்ரேன் ஆளு மனசு கேக்காம சக்கரத்துக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சான். டைரக்டரு பார்த்துட்டு அதை எடுத்து ஜூஸ் போடச் சொல்லிட்டாரு. இது எதிர்காலப் படம், இங்க எல்லாரும் எதிர்காலத்துல வாழணும்னு மைக்குல வேற சொன்னாரு. யூனிட்டே பேயறைஞ்ச கணக்கா நின்னுச்சு.

மொத நாளு என் ஷாட்டு முடிஞ்சுது. எனக்கு வெள்ளியில ட்ரெஸ்ஸு, ஓட்டல் பார்சல் சுத்துவாங்களே அந்தப் பேப்பரு மாதிரி. பொட்டிக்குள்ள படுத்துக்கினு, இப்ப சிரிக்கச் சொல்லுவாங்க, இப்ப சிரிக்கச் சொல்லுவாங்கன்னு காத்திருக்கேன். கட்டுன்னாரு, கேமராவை அணைச்சாச்சு, எல்லாரும் டீக்குப் போயிட்டாங்க. நான் நேராப் போயி விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, என் தோள்ல கையை வெச்சு ஒரே வார்த்தை சொன்னாரு.

"ரெண்டாயிரத்து அம்பத்திரெண்டுல செத்தவங்க சிரிக்க மாட்டாங்கம்மா."

சரி, படிச்ச புள்ளை, போவட்டும்னு விட்டுட்டேன். வீட்டுக்கு வந்து வாசல்ல சிரிக்கலைன்னு சொல்லி, சண்டை போட்டுத்தான் செருப்பைக் கழட்டுனேன். சோறு போடுறப்போ அவருகிட்ட தமாஷா இன்னொண்ணும் சொன்னேன். அந்தக் கண்ணாடிப் பொட்டி செட்டு போட்டது இல்லய்யா, நெஜ ஐஸ் பொட்டி, சாவு வீட்டுக்கு வாடகைக்கு விடுறதை எடுத்தாந்து நீல லைட்டு ஒட்டியிருக்காங்க, உள்பக்கம் 'இறுதி யாத்திரை, இருபத்தி நாலு மணி நேர சேவை'ன்னு ஸ்டிக்கரைக்கூட கிழிக்கல, என் மூக்குக்கு நேராவே இருக்குதுன்னேன். சிரிப்பாருன்னு பார்த்தேன். தட்டைக் கீழ வெச்சுட்டாரு.

ஒன்பது நாளு ஷூட்டிங். ஒன்பது நாளும் நான் அந்தப் பொட்டியில. ஒரு நாளும் சிரிப்பு கெடையாது. இவரு நாளுக்கு நாள் சோத்தைக் குறைச்சுக்கினே வந்தாரு. சாம்பார்ல உப்பு ஜாஸ்தியாப் போச்சோன்னு குறைச்சுப் பார்த்தேன், அப்பவும் எறங்கல. சட்டை தோள்ல தொங்க ஆரம்பிச்சுது. நாக்கு செத்துப்போச்சு மனுசனுக்குன்னு எலுமிச்சை ஊறுகா வாங்கி வெச்சேன், தொடல. நான் ஒருத்தி நாள் பூரா குளுருல செத்துட்டு வர்றேன், இவரு இங்க சீன் போடுறாரு. எட்டாவது நாளு ராத்திரி வாசல்ல என்னை மறிச்சுக்கினு நின்னாரு.

"மங்களம், நாளைக்கும் சிரிக்காம வந்தேன்னா நான் இருக்க மாட்டேன்."

பார்த்தியா ஆம்பளை திமிரை? திண்டிவனத்துல அவங்க அக்கா இருக்குது, அங்க போயிருவேன்னு என்னை மிரட்டுறாரு. போய்யான்னு சொல்லியிருப்பேன். ஆனா இந்த வயசுல அவரை அங்க யாரு பார்த்துப்பாங்க? அந்தம்மாவுக்கே சர்க்கரை. அதான் எப்பாடுபட்டாவது கடைசி நாளு சிரிச்சுடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

லாரன்ஸுன்னு ஒரு அசிஸ்டென்ட் கேமராமேன் இருந்தான். தங்கமான ஆளு, எங்க வீட்டுக்காரர்கிட்ட லைட்டு தூக்கி வளந்தவன். கடைசி நாளு மத்தியானம், டைரக்டரு சாப்பிட கேரவனுக்குப் போயிட்டாரு. லாரன்ஸைக் கூப்பிட்டு அழுதுட்டேன். அவன் அக்கம்பக்கம் பார்த்துட்டு, இது பைபிள்ல இல்லக்கா, ஆனா யூனிட்ல இருக்குது, படுங்க, சட்டுனு முடிச்சிரலாம்னான். பொட்டியில படுத்தேன். கேமராவை ஓட விட்டான். சிரிங்கன்னான்.

நான் சிரிக்கல. கிளாப்பு எங்கடான்னேன்.

திருட்டு ஷாட்டுக்கு எதுக்குக்கா கிளாப்புன்னு பல்லைக் கடிக்கிறான். நான் விடல. நீயே சொல்லும்மா, கிளாப்பு அடிக்காத ஷாட்டை லேபுலயே எடுத்துக்க மாட்டாங்க, சாமி எப்படி எடுத்துக்கும்? சீன் நம்பரோட முறையா அடிச்சாத்தான் இது செல்லும்னு கறாரா சொல்லிட்டேன். அப்பத்தான் கிளைமாக்ஸ் எடுத்து முடிச்சிருந்தாங்க. பலகையில நூத்திப்பதினெட்டுன்னு சாக்பீஸ்ல எழுதியிருந்துச்சு. அதையே எடுத்தாந்து படார்னு அடிச்சான்.

சிரிச்சேன். ஒண்ணோட விட முடியுமா? ஒன்பது நாளு பாக்கி இருக்குது. ஒவ்வொரு நாளும் தனித்தனியா கழியணும்ல? அதனால கண்ணை மூடிப் பொணமாயிருவேன், திறந்து பல்லு தெரிய சிரிப்பேன், திரும்பப் பொணமாயிருவேன், திரும்ப சிரிப்பேன். இப்படி ஒன்பது தரம். கடைசியில ஒரு கும்பிடு. லாரன்ஸு போதும்க்கா போதும்க்கான்னு கையெடுத்துக் கும்புடுறான், நான் எண்ணிக்கையை விடல.

வீட்டுக்கு வந்தேன். வாசல்ல நிக்கிறாரு. சிரிச்சியான்னாரு. ஒன்பது தரம்னேன். லாரன்ஸுக்குப் போன் போட்டு ஒன்பதா ஒன்பதான்னு ரெண்டு தரம் கேட்டுக்கினாரு. அன்னிக்கு மூணு தட்டு சோறு. அதே சாம்பாருதான்.

அப்பால நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல. கண்ணாடிப் பொட்டி சீன் எல்லாத்துக்கும் நீலப் புகை விடணும், லைட்டு அடிக்கணும்னு ஏதோ வெளிநாட்டு கிராபிக்ஸ் கம்பெனிக்கு அனுப்பியிருக்காங்க. அவங்களுக்கு நம்ம சாங்கியம் தெரியுமா? நூத்திப்பதினெட்டாவது சீன்ல கிளாப்பு போட்டு முறையா ஒரு ஷாட்டு கெடக்குது, அதுவும் கடைசி ஷாட்டு. கடைசியா எடுத்ததுதான் டைரக்டரு ஓகே பண்ணதுன்னு நெனச்சு, அதையே எடுத்து அழகுபடுத்தி அனுப்பிட்டாங்க. வந்து சேர்ந்தது ரிலீஸ் அன்னிக்குக் காலையில. தியேட்டர்ல ஜனம் நிக்குது, திறந்து பார்க்க எங்க நேரம்? அப்படியே சேர்த்து அனுப்பிட்டாங்க. அந்தக் கம்பெனிக்காரங்க தப்பு, டைரக்டரு தப்பு. நடுவுல நான் எங்க வர்றேன்?

மொத நாளு மேட்னிக்கு இவரைக் கூட்டிக்கினு போனேன். வர மாட்டேன்னுதான் அடம். பத்தொன்பது சீன்யா, தெருவே போவுது, நீ வரலைன்னா என்னைப் பத்தி இன்னா நெனைப்பாங்கன்னு சண்டை போட்டு இழுத்தேன். வந்தாரு, ஆனா துண்டை எடுத்து மடியில விரிச்சுக்கினு படம் பூரா அந்தத் துண்டையே பார்த்துக்கினு உட்கார்ந்திருந்தாரு. நான் திரையில வர்றப்பல்லாம் முழங்கையால இடிச்சேன். நிமிரணுமே. அவ்ளோ பொறாமை.

கிளைமாக்ஸ் வந்துச்சு. நீல மழை கொட்டுது. ஹீரோ வில்லன் நெத்தியில துப்பாக்கியை வெச்சுட்டாரு. பின்னாடி பொட்டியில நானு. தியேட்டர்ல ஊசி விழுந்தா கேக்கும். ஹீரோ மெதுவாச் சொல்றாரு: "செத்தவங்க பேச மாட்டாங்க."

நான் கண்ணைத் திறந்து சிரிச்சேன்.

என் பல்லுக்குக்கூட நீல லைட்டு போட்டிருந்தாங்கம்மா. பெரிய திரையில மூஞ்சி பூரா பல்லு. கண்ணை மூடுனேன். ஜனத்துக்கு ஒண்ணும் புரியல. ரெண்டாவது தரம் சிரிச்சேன், பின்னாடி எவனோ களுக்குனு சிரிச்சான். மூணாவதுக்கு பால்கனி. நாலாவதுக்கு தியேட்டரே எழுந்து நிக்குது. அஞ்சுலேர்ந்து எல்லாரும் சேர்ந்து எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ஆறுங்கிறாங்க, ஏழுங்கிறாங்க. வில்லன் பாவம், முந்தின ஷாட்டுல நெத்தியில துப்பாக்கியோட நின்னவன், அவனை யாரு நெனச்சா? ஒன்பது முடிஞ்சு நான் கும்பிடு போட்டதும் விசிலு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சு, சீட்டுலேர்ந்து எழுந்து நானும் திரும்பி எல்லாரையும் கும்பிட்டேன்.

உட்கார்ந்து இவரைப் பார்க்கிறேன். சத்தம் கேட்டு நிமிந்திருக்காரு. திரையைப் பார்த்து, வாயைத் துண்டால பொத்திக்கினு அழுவுறாரு. தோளு குலுங்குது. ஊரே சிரிக்குது, இந்தாளு அழுவுறாரு. மானம் போயிடுச்சாம்.

மறுநாள் டைரக்டரே வீட்டுக்கு வந்துட்டாரு. கண்ணாடி போடல, மூஞ்சி வீங்கியிருந்துச்சு. ஆறு வருஷமா எழுதுன கதையாம். பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து, நான் குடுத்த காபியைக் கையில வெச்சுக்கினு என்னைப் பார்த்தாரு. ஏம்மா ஒன்பது தரம்னு மட்டும் கேட்டாரு. விளக்குனேன். நீங்க தெனம் ஒண்ணு குடுத்திருந்தா இந்தப் பிரச்சினையே இல்லன்னும் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு பாரு, திடுதிப்புனு எழுந்து போயி அவரோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கினு, ரொம்ப நன்றி சார், ரொம்ப நன்றி சார்ங்கிறாரு. நொந்துபோய் வந்தவரைக் கிண்டல் பண்ணலாமா? காபியை வெச்சுட்டுப் போயிட்டாரு பாவம்.

ஆனா நெஜமான அடி எனக்குத்தான். அடுத்த வாரமே ஒரு சாவு சீன் இருந்துச்சு. மாலையெல்லாம் போட்டுப் படுத்தாச்சு, பொண்ணு மேல விழுந்து அழுவுறா. லைட்மேனுங்க எண்ண ஆரம்பிச்சுட்டானுங்க. ஒண்ணு, ரெண்டுன்னு. அழுவுற பொண்ணே சிரிச்சுருச்சு. அந்த டைரக்டரு நல்ல மனுசன், தனியாக் கூப்பிட்டு சொன்னாரு: அக்கா, உங்களை இனிமே எவனும் செத்தவங்கன்னு நம்ப மாட்டான். அதோட சரி. மூணு மாசமா ஒரு பொணம் வரல எனக்கு. ஏஜென்ட்டு, உசுரோட பக்கத்து வீட்டம்மாவா ஒரு வேஷம் இருக்குது, ரெண்டு வசனம், வாங்கங்கிறான். பேசறதுக்குப் பயமா இருக்குதும்மா. அழுவை வருது சில நேரம். இருபத்திரெண்டு வருஷம் செத்து சம்பாதிச்ச பேரு, ஒரு சிரிப்புல போச்சு.

வீட்டுல அதுக்கு ஒரு வருத்தமாவது இருக்கணுமே? இவருக்கு ஒரே குஷி. மத்தியானம் நான் பாட்டுக்குத் தூங்குறேன், கொசு கிசுன்னு வர்றதே இல்ல. வீட்டுல இருந்தாத்தானே வர்றதுக்கு? இப்ப எங்க போறேன்னு கேட்டியே, அதுக்குத்தான் வர்றேன்.

அந்தப் படத்தை எல்லா எடத்துலயும் தூக்கிட்டாங்க. அம்பத்தூரு பக்கம் ஒரு பழைய தியேட்டர்ல மட்டும் காலைக்காட்சி ஓட்டுறாங்க. இவரு தெனம் போறாரு. முட்டி வலின்னு ரேஷன் கடைக்குப் போவாத மனுசன், ரெண்டு பஸ்ஸு மாறிப் போறாரு. வாட்ச்மேனு தெரிஞ்ச ஆளு, எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். படம் பூரா வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருப்பாராம். கடைசி பத்து நிமிஷம் மட்டும் உள்ள போவாராம். என் சிரிப்பு முடிஞ்சதும் எழுந்து வந்துருவாராம். ஏன்யா, அதே பல்லுதானே வீட்டுலயும் இருக்குது? தெனம் காபி குடுக்கிறப்போ பார்க்கிறதுதானே?

அதுகூடப் போவட்டும். வாட்ச்மேனு இன்னொண்ணு சொன்னான், அதுலேர்ந்துதான் எனக்கு மனசே சரியில்ல. இருட்டுல உட்கார்ந்துக்கினு இவரு யார்கிட்டயோ மெதுவாப் பேசுறாராம். "எழுந்துட்டியா? வா, வீட்டுக்குப் போலாம்"னு சொல்றாராம். ஒரு நாள் இல்லம்மா, தெனமும். அவ்ளோ கொஞ்சலா இருக்குமாம் அந்தக் குரலு. எங்கிட்ட இந்த இருபத்திரெண்டு வருஷத்துல அப்படி ஒரு வார்த்தை பேசியிருப்பாரா?

பக்கத்துல எவ வந்து உட்கார்றான்னு பார்த்துட வேண்டியதுதான். இன்னிக்கு நானே டிக்கெட் வாங்கிக்கினு, அவருக்குத் தெரியாம பின்சீட்டுல குந்தப் போறேன்.